பியோரியாவில் வீடு வாங்கலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்!

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு வயது 39. கணவர் இயந்திரப் பொறியாளர். சென்னை அலுவலகத்திலிருந்து எல்-1பி விசாவில் (ஒரே நிறுவனத்துக்குள் பணி மாற்றலாகி வருபவர்களுக்கான விசா) மாற்றலாகி, 14 மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலுள்ள பியோரியா நகருக்கு வந்திருக்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. சென்னையில் ஒரு தனியார் வங்கியில் ஒன்பது ஆண்டுகள் தணிக்கைப் பிரிவில் இருந்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். வாடகை 1,650 டாலர். குத்தகை முடிய மூன்று மாதம் இருக்கிறது. ஊரின் வடக்குப் பகுதியில் 3,20,000 டாலருக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். ஊரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒட்டவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த, கணவரின் மூத்த சக ஊழியர், “பிள்ளை வளர்க்க இதைவிட நல்ல ஊர் கிடையாது” என்கிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, “இந்த ஊர் செத்துப் பத்து வருஷமாச்சு” என்கிறார். டாலஸுக்குக் குடிபெயர்ந்த தோழி, “அங்கே இருந்து என்ன பண்றீங்க?” என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் இன்னொரு தோழிக்கோ ஊர் மிகவும் பிடித்திருக்கிறது. “யாரை நம்புவது? வாடகை வீணாகப் போகிறதே, வீட்டை வாங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நால்வர் சொன்னதும் உண்மைதான். ஆனால் நால்வரும் ஒரே ஊரைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் வந்த வருடத்தை, தங்கள் தெருவை, தங்களுக்குச் சம்பளம் தரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு அந்தக் கருத்துகள் பாதி உதவும். மீதிப் பாதி, யாரும் உங்களிடம் கேட்காத ஒரு கேள்வியில் இருக்கிறது: இந்த ஊரை விட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் உங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

முதலில் அந்தப் பேச்சுகளைப் பிரித்துப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரரின் கசப்புக்குக் காரணம் இருக்கிறது. கட்டுமான, சுரங்க இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனம் 1925இல் உருவானது; பியோரியா என்றாலே அந்த மஞ்சள் இயந்திரங்கள்தான் என்று தலைமுறைகள் வாழ்ந்த ஊர் இது. 2015இல் நகர மையத்தில் புதிய தலைமையகம் கட்டப் போவதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் அதைக் கைவிட்டுத் தலைமையகத்தைச் சிகாகோ பக்கம் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். 2022இல் அங்கிருந்தும் டெக்சாஸின் இர்விங்குக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆனால் போனது தலைமையகம். கிழக்குப் பியோரியாவின் டிராக்டர் ஆலையும், மோஸ்வில்லின் எஞ்சின் ஆலையும் தொழில்நுட்ப மையமும் போகவில்லை. திருவள்ளூர், ஓசூர் ஆலைகளும் சென்னைப் பொறியியல் மையமும் உள்ள நிறுவனம் என்பதால் தமிழ்ப் பொறியாளர்கள் இங்கே வருவதும் நிற்கவில்லை.

ஊர் சுருங்கியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1970 கணக்கெடுப்பில் 1,26,963 பேர். 2020இல் 1,13,150 பேர். ஐம்பது ஆண்டில் சுமார் 11 சதவீதம் குறைவு. இதைச் சாவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் நகர எல்லை வடக்கே நீண்டிருக்கிறது. அதாவது, புது வீடுகளை உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகும் மொத்தம் குறைந்திருக்கிறது. பழைய பகுதிகள் 11 சதவீதத்தை விட அதிகமாகவே காலியாகியிருக்கின்றன. ஆற்றங்கரையை ஒட்டிய தெற்குப் பகுதியைப் பார்த்தவருக்கும் வடக்கே புதுக் குடியிருப்பைப் பார்த்தவருக்கும் ஒரே கருத்து எப்படி வரும்?

உங்கள் நர்ஸ் தோழிக்கு ஊர் ஏன் பிடித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவருடைய சம்பளம் இயந்திரச் சந்தையை நம்பி இல்லை. ஓ.எஸ்.எஃப். மருத்துவக் குழுமத்தின் தலைமையகம் பியோரியாவில்தான். கூடவே ஒரு மருத்துவக் கல்லூரி, பிராட்லி பல்கலைக்கழகம், அரசின் வேளாண் ஆய்வுக்கூடம் (இரண்டாம் உலகப்போர் காலத்தில் பென்சிலினைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழியைக் கண்டது இதே கூடம்தான்). கனிமச் சுரங்கத் தொழிலும் கட்டுமானமும் தளரும்போது கேட்டர்பில்லரை நம்பிய வீடுகளில் அடுப்பு தணியும். மருத்துவமனையை நம்பிய வீட்டில் தணியாது. மூத்த சக ஊழியர் சொல்வதிலும் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர் கையில் இன்றைக்குப் பெரும்பாலும் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கும். வேலை போனாலும் அவர் வீட்டில் உட்கார்ந்து அடுத்த வேலை தேடலாம். உங்களுக்கு அது முடியாது.

எல்-1பி: உங்கள் கடிதத்தில் இல்லாத சிக்கல்

எல்-1பி விசா மொத்தம் ஐந்து ஆண்டு. அது நிறுவனத்தோடு கட்டப்பட்டது. எச்-1பி போல இன்னொரு முதலாளியிடம் மாற்றிக்கொண்டு போக முடியாது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) தேதி அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைதான். அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது. ஒரு வீட்டுக்கு வாங்குபவர் கிடைத்துக் கையெழுத்தான பிறகும் கடன், உரிமைச் சோதனை எல்லாம் முடிந்து பதிவாக 30 முதல் 45 நாள் ஆகும். ஆக, 60 நாளுக்குள் விற்றுவிட்டுப் போக வேண்டுமானால் ஓரிரு வாரத்தில் வாங்குபவர் கிடைக்க வேண்டும். ஜனவரியில், மைனஸ் எட்டு டிகிரியில், அது எளிதல்ல.

கிரீன் கார்டுக்கான மனுவை நிறுவனம் தொடங்கியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்கிறது. மகளுக்கு 21 ஆவதற்குள் (பெற்றோரின் மனுவில் பிள்ளையாகச் சேரும் வயது வரம்பு அது) கார்டு வந்துவிடும் என்று எந்தக் கணக்கையும் போடாதீர்கள். ஆனாலும் ஐந்தாண்டு முடியும்வரை காத்திருக்காமல், கணவரை எச்-1பி குலுக்கலில் சேர்க்க நிறுவனம் தயாரா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பதிவு மார்ச் மாதம். தேர்வானால் அக்டோபர் 1 முதல் நடைமுறை.

உங்களுக்கு வேலை செய்ய உரிமை இருக்கிறது

“வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது வர மாதக்கணக்கில் ஆகுமாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது பழைய செய்தி. எல்-1 விசாக்காரரின் மனைவி அல்லது கணவருக்கு அந்த நிலையோடு சேர்ந்தே வேலை உரிமை உண்டு. தனி அட்டை கட்டாயம் இல்லை. எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து உங்கள் ஐ-94 படிவத்தைப் பதிவிறக்கிப் பாருங்கள். வகுப்பு என்ற இடத்தில் ‘எல்-2எஸ்’ என்று இருக்க வேண்டும். 2022 ஜனவரி இறுதியிலிருந்து வருபவர்களுக்கு அப்படித்தான் போடுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது அந்தத் தாளையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டினால் போதும். சில நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்கே இது தெரியாது, “அட்டை எங்கே?” என்பார்கள். குடியேற்றத் துறையின் ஐ-9 (வேலைக்குச் சேருபவரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் படிவம்) வழிகாட்டியில் எல்-2எஸ் ஐ-94 ஏற்கத்தக்க ஆவணமாகக் குறிப்பிடப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டுங்கள். ‘எல்-2’ என்று மட்டும் இருந்தால் பிழை. விமான நிலையத்திலுள்ள அத்துறையின் திருத்த அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது சம்பளம் வந்தால் பணக் கவலை குறையும். விசாக் கவலை குறையாது. கணவரின் எல்-1 போனால் உங்கள் எல்-2எஸ்ஸும் அதோடு போகும். அதனால்தான் எங்கே வேலை தேடுகிறீர்கள் என்பது முக்கியம். பல்கலைக்கழகங்களும், அவற்றோடு முறைப்படி இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளும் எச்-1பி குலுக்கலில் வராது. வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். தணிக்கை, நிதிக் கணக்கு, இணக்கக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு இரண்டு இடத்திலும் ஆள் வேண்டும். அங்கே எல்-2எஸ்ஸில் சேர்ந்து ஓர் ஆண்டு நல்ல பெயர் எடுத்த பிறகு, உங்கள் பெயரில் எச்-1பி கேளுங்கள். அது கிடைத்தால் கணவருக்கு வேலை போனாலும் குடும்பம் உங்கள் விசாவில் நிற்கும். எச்-1பிக்கு 2025 செப்டம்பரில் வந்த 1 லட்சம் டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள் இருந்தபடி விசா நிலை மாற்றம் கேட்பவருக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. மனு போடும் மாதத்தில் அதை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால் நிலை மாற்றம் கைவிடப்பட்டதாகிவிடும். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அந்த மாதங்களில் கணவரை மட்டும் அனுப்புங்கள்.

ஐ-74 நெடுஞ்சாலையில் 40 மைல் போனால் புளூமிங்டன்-நார்மல். ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகமும் ரிவியன் மின்கார் ஆலையும் அங்கே இருக்கின்றன. பியோரியாவுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. சிகாகோ ரயில் பிடிக்கவும் அங்கேதான் போக வேண்டும். நிலம் தட்டையாகக் கிடக்கும் ஊர்கள். பனிக்காற்றில் அந்த 40 மைல் வெள்ளையாக மறைந்துபோகும் நாட்கள் உண்டு. தினமும் போய்வரும் வேலையென்றால் வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து செய்ய அனுமதி கேட்டுக்கொண்டு சேருங்கள்.

“வாடகை வீண்” என்பது சரியா?

பார்த்த வீட்டுக்கே கணக்குப் போடுவோம். விலை 3,20,000, 20 சதவீத முன்பணம் போகக் கடன் 2,56,000. வட்டி 6.5 சதவீதம், 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 1,618 டாலர். மூன்று ஆண்டில் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 58,250 டாலர். அதில் அசலில் குறைவது சுமார் 9,200 மட்டும், மீதி வட்டி. மூன்றாம் ஆண்டு முடிவில் விற்றால் தரகு, உரிமைக் காப்பீடு, மாநில-மாவட்ட மாற்று வரி எல்லாம் சேர்ந்து ஏழு சதவீதம் என்றாலும் 22,400 டாலர். விலை ஏறவில்லையென்றால், சேர்த்த அசலைப் போல இரண்டரை மடங்கு கைவிட்டுப் போகிறது. வளரும் ஊரில் விலையேற்றம் இதை மூடிவிடும். மெல்லச் சுருங்கும் ஊரில் அதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

இதோடு வீட்டு வரி. இலினாயின் வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மதிப்பீடாக எடுப்பார்கள்: 1,06,667. குடியிருப்பவருக்கான விலக்கு 6,000 போக 1,00,667. மொத்த விகிதம் 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,053 டாலர், மாதம் 670க்கு மேல். உங்கள் 1,650 வாடகையையும் 1,618 தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “ஒரே பணம்தானே” என்று எழுதியிருந்தீர்கள். தவணையில் இந்த 670 இல்லை. காப்பீடும் இல்லை, கூரையும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

வரி ரசீதை விற்பவரிடம் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அதில் முதியோர் விலக்கோ, ஊனமுற்ற முன்னாள் படைவீரர் விலக்கோ இருந்தால், அந்தச் சலுகை விற்பவரோடு போய்விடும். இன்று காட்டும் தொகை உங்கள் தொகை அல்ல. இங்கே வரி ஓர் ஆண்டு பின்தங்கி வசூலாகும். விற்பவர் குடியிருந்த மாதங்களுக்கான வரியைப் பதிவு நாளன்று உங்களுக்குக் கழித்துத் தர வேண்டும். அந்த ரசீதிலேயே எந்தப் பள்ளி மாவட்டம் என்றும் அச்சிட்டிருக்கும். பியோரியா என்று முகவரி இருந்தாலும் சில தெருக்கள் டன்லப் பள்ளி மாவட்டத்தில் வரும், சில 150ஆம் மாவட்டத்தில் வரும். நம்மவர்கள் டன்லப், டன்லப் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 150ஆம் மாவட்டத்தின் ரிச்வுட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சர்வதேச பேக்கலாரியட் பாடத்திட்டம் இருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன் இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள்.

3.5 சதவீத முன்பணத்தில் வீடு வாங்கியதாக நீங்கள் எழுதிய நண்பர் வாங்கியது எஃப்.எச்.ஏ. கடனில், அதாவது அரசு உத்தரவாதம் தரும் வீட்டுக் கடனில். 2025 மே 25 முதல் கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாத விசாக்காரர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. சாதாரண வங்கிக் கடன் விசாக்காரர்களுக்கு இன்னும் உண்டு.

இன்னொரு பொறி. வேலை போய் இந்தியா திரும்பி, அங்கிருந்தபடி இந்த வீட்டை விற்கிறீர்கள் என்று வையுங்கள். வெளிநாட்டவர் விற்கும் வீட்டுக்கு வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித் துறைக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். வாங்குபவர் தாமே குடியிருக்கப்போகிறார் என்றால் 3 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 10 சதவீதம். 3,20,000க்கு விற்றால் 32,000 டாலர் மாட்டிக்கொள்ளும். வரிக்கணக்கு தாக்கல் செய்து மீட்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். இங்கே வரிக் குடியிருப்பாளராக இருக்கும்போதே விற்றால் இந்தப் பிடித்தம் வராது.

இருந்தும் வாங்குவதென்றால்

கையெழுத்திட்ட பின் வழக்கறிஞர் பரிசீலனைக்கு இலினாயில் வழக்கமாக 5 வேலை நாள் தருவார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுச் சோதனையை அந்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் அடித்தளத்துக்கு இறங்கிப் பாருங்கள். கண்ணுக்கு முன் மூக்கு சொல்லும். சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் தண்ணீர் வந்துபோகும் வீடு. சம்ப் பம்புக்கு (அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பு) பேட்டரி துணை இருக்க வேண்டும். புயலில் மின்சாரம் போகும் நேரத்தில்தான் பம்பு தேவைப்படும். பழைய வீடென்றால் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மண் குழாயின் மூட்டில் மர வேர் புகுந்திருந்தால், நடுத்தெருக் குழாய் வரைக்கும் செலவு உங்களுடையது.

ரேடான் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு) சோதனை கட்டாயம் செய்யுங்கள். இந்த மாவட்டம் அதிக ஆபத்துப் பகுதியில் வருகிறது. விற்பவர் தகவல் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சோதித்துத் தர வேண்டும் என்று சொல்லவில்லை. 12 மணி நேரம் முன்பே ஜன்னல்களை மூடி, குறைந்தது 48 மணி நேரம் கருவியை வைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 4 பிகோக்யூரியைத் தாண்டினால், தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்துக் கூரைக்கு மேலே வெளியேற்ற வேண்டும். அந்தச் செலவை விற்பவர் தலையில் போடப் பேசலாம்.

காப்பீட்டில் இரண்டு வரிகள். ஒன்று, காற்று-ஆலங்கட்டிச் சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. அது டாலரில் இல்லாமல் சதவீதத்தில் இருந்தால், 2 சதவீதம் என்றாலே ஆறாயிரத்தைத் தாண்டும். 2013 நவம்பர் 17 அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் என்ற சிற்றூரை இ.எஃப்-4 என்ற கடுமையான தரத்துச் சூறாவளி புரட்டிப் போட்டது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மற்றொன்று, சுரங்கத் தாழ்வுக் காப்பீடு, அதாவது பழைய சுரங்கத்தால் நிலம் இறங்கி வீடு சேதமானால் ஈடு தருவது. பியோரியா மாவட்டத்தின் அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுத்தில் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய அது தானாகவே பாலிசியில் சேரும். கட்டணம் குறையும் என்று சொல்லி அந்த மறுப்புத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

டாலஸ் தோழிக்கு

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, இலினாயில் 4.95 சதவீதம் என்று அவர் சொல்வது சரி. ஆனால் டெக்சாஸ் வீட்டு வரியும் லேசானதல்ல. நல்ல பள்ளி மாவட்டத்தில் வீட்டு விலையும் வேறு. அதைவிட முக்கியம், அங்கே கணவருக்கு அதே நிறுவனத்தில் இடம் கிடைத்தால்தான் நீங்கள் போக முடியும். வேலையின் தன்மை மாறினால் திருத்த மனு போட வேண்டியிருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்கு இருட்டிவிடுகிறது, பேச ஆளில்லை என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அந்தக் குறைக்கு மருந்து வீடு வாங்குவதில் இல்லை. முன்னால் சொன்ன வேலைத் தேடலில் பாதி மருந்து இருக்கிறது.

என் கருத்து: இந்த ஆண்டு வாங்காதீர்கள். கணவருக்கு எச்-1பி தேர்வான பிறகோ, உங்கள் பெயரில் தனி விசா நிலைத்த பிறகோ இதே வீட்டைப் போல இன்னொன்று கிடைக்கும். இது ஏலப்போட்டியில் கைநழுவிப் போகும் சென்னை மனை அல்ல. இப்போது செய்ய வேண்டியது, மகளுக்காகத் தேர்ந்த பள்ளி எல்லைக்குள் 12 மாதக் குத்தகை. அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘வேலை இழப்பு அல்லது 50 மைலுக்கு மேலான பணி மாற்றம் ஏற்பட்டால், 60 நாள் முன்னறிவிப்பும் ஒரு மாத வாடகையும் கொடுத்துக் குத்தகையை முடித்துக்கொள்ளலாம்.’ வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகை கேட்பார், ஒன்றரையில் நிற்கும். அந்த வரி இல்லாமல் நடுவில் காலி செய்ய நேர்ந்தாலும், மீதி மாதங்கள் முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. வேறு ஆள் தேட நியாயமான முயற்சி செய்யும் கடமை இலினாய் சட்டப்படி அவருக்கு உண்டு. காலி செய்யும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடமென்றால், வாடகை முன்பணத்தில் பிடித்தம் எதுவானாலும் 30 நாளுக்குள் பட்டியல் தர வேண்டும். பிடித்தம் இல்லையென்றால் 45 நாளுக்குள் முன்பணம் திரும்ப வர வேண்டும்.